டீசலுக்கு ஊசி போட்டாச்சா?

தாமஸும் சிலுவையம்மாளும் பேசிக்கொள்வதற்கு ஒரு பூனை இருந்தது.

"டீசலு, சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லு" என்று அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் தாமஸ் பூனையைப் பார்த்து, "டீசலு, நான் அப்பால துன்றேன்னு சொல்லு" என்பார். பூனை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்துவிடும். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அதனால் அந்த வரிசையில் இருந்த எல்லாருக்கும் இந்தக் கூத்து பழகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் மட்டும் விடமாட்டாள். "அந்தப் பூனைக்கு மட்டும் வாயி இருந்தா உங்க ரெண்டு பேரையும் நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேக்கும்" என்பாள்.

பேச்சு நின்று இரண்டு வருஷத்துக்கு மேலிருக்கும். ஒரே மகள் ஷைனி, தன்னோடு வேலை பார்த்த ஜெயவேலை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, கழுத்தில் மாலையோடு வாசலுக்கு வந்து நின்றாள். ஜெயவேலுக்கு வியாசர்பாடி. வீட்டில் புத்தர் படத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள். "கோயில்ல நடக்காதது கல்யாணமே இல்ல" என்று சொல்லித் தாமஸ் கதவைச் சாத்தினார். கோயில் மேல் அவ்வளவு பக்தி உள்ளவர் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் அந்தப் பக்கம் தலைகாட்டுவார் என்பது தெருவுக்கே தெரியும். அவர் பயந்தது சாமிக்கு இல்லை. ஜெயவேலின் சாதியை வைத்துத் தெரு என்ன பேசும், எப்படிப் பேசும் என்பதற்கு. சிலுவையம்மாள் உள்ளே நின்று மகளின் செருப்புச் சத்தம் சந்து முனை வரை போவதைக் கேட்டாள். அன்றைக்கு விட்டதுதான் புருஷனோடு பேச்சு.

தாமஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மறுவாரமே மறந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் அவருக்கு வேலை. டிரெய்லர்கள் வந்து நின்றால் பெட்டியின் பின்கதவுக்குப் போய், பூட்டில் மாட்டிய சீல் உடையாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். உடையாமல் இருந்தால் கையை ஆட்டி உள்ளே அனுப்புவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் பாடு இல்லை. பிழைப்பு முழுக்க மூடிய கதவுகளைப் பார்த்து, சரியாகத்தான் மூடியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர்.

டீசல் ஷைனியின் பூனை. காசிமேட்டில் படகுக்கு ஊற்றும்போது சிந்திய டீசலில் விழுந்து, குட்டியாக, எலி மாதிரி ஒட்டிக்கிடந்ததை அவள்தான் தாவணியில் சுற்றி எடுத்து வந்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டும் தேய்த்தாள். நாற்றம் போக ஒரு மாதம் பிடித்தது. பேர் போகவே இல்லை. கல்யாணமாகிப் போனபோது அவள் அதைக் கேட்கவும் இல்லை, ஆளனுப்பவும் இல்லை. பூனை இங்கேயே தங்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் டீசல் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வீடெல்லாம் மூத்திரம். தின்பது என்னவோ ஊர்ப்பட்ட தீனி, உடம்பு மட்டும் எலும்பும் தோலுமாக இறங்கியது. ஒரு நாள் கட்டில் மேல் தாவப் பார்த்து, முடியாமல் தரையில் சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில், ஆளுக்கொரு ஓரமாக, பூனையை நடுவில் கூடையில் வைத்துக்கொண்டு வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"சர்க்கரை நோய்" என்றாள் டாக்டரம்மா. சின்னப் பெண். "தினமும் காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, இன்சுலின் போடணும். சாப்பிட வச்சுட்டுத்தான் போடணும். வீட்ல யாரு போடுவீங்க?"

"நான்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரமாகத் தூக்கி எப்படிக் குத்துவது என்று காட்டிக்கொடுத்தாள். "ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை தவறினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டுட்டா பூனை தாங்காது. நடுங்கினாலோ தள்ளாடினாலோ உடனே குளுக்கோஸைக் கரைச்சு ஈறுல தடவிட்டு இங்க தூக்கிட்டு வந்துடுங்க." இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. சிலுவையம்மாள் விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத் தெருவாகக் கூடையில் விற்றுவிட்டு வருகிறவள். மீன் விற்றுத் தீருவதைப் பொறுத்து அவள் வருவாள். தாமஸுக்கு ஷிப்டு. டிரெய்லர் வரிசையைப் பொறுத்து அவர் வருவார். யார் முன்னால் வருகிறார்களோ அவர்கள் ஊசி போட வேண்டும். போட்டாகிவிட்டது என்று மற்றவருக்குச் சொல்லவும் வேண்டும். இதைப் பூனையிடம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் வழி கண்டுபிடித்தவள் சிலுவையம்மாள். வீட்டுப் பீடத்தில் இரண்டு கையையும் விரித்து நிற்கிற மாதா சுரூபம் ஒன்று உண்டு. ஒரு காலை ஊசி போட்டுவிட்டு, நீல மணி ஜெபமாலையை மாதாவின் வலது கையில் மாட்டிவிட்டுப் போனாள். தாமஸ் வந்து பார்த்தார், புரிந்துகொண்டார். சாயந்திரம் அவர் போட்டதும் அதை எடுத்து இடது கையில் மாட்டினார். அவ்வளவுதான். காலை ஊசி என்றால் வலது, மாலை ஊசி என்றால் இடது. ஒரு வார்த்தை பேசாமல் மழைக்காலமும் பனிக்காலமும் அப்படியே போயின. டீசலுக்கு மறுபடி சதை பிடித்தது. கட்டில் மேல் தாவியது.

சாயந்திரமானால் ஷைனி அம்மாவுக்குப் போன் செய்வாள். சிலுவையம்மாள் நடுவீட்டில் நின்றுகொண்டு, தாமஸ் காதில் விழுகிற மாதிரி உரக்கவே பேசுவாள். "நல்லாக் கீறான்டி. காத்தால உங்க நைனாதான் ஊசி போட்டாரு. ஆமா, அவருதான். நல்லாப் போடறாரு, வலிக்காம." தாமஸ் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார். மகள் பேரை அவர் வாயால் சொல்லி எவ்வளவோ காலமாயிற்று. ஆனால் தன் பேர் அவளிடம் தினமும் போய்ச் சேருகிறது என்பது தெரியும். ஊசி போட்ட நாளில் போய்ச் சேரும். போடாத நாளில் போய்ச் சேராது. அதனால் அந்த ஊசிக்கு அவர் காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை, ஒரு பூனைக்கு ஊசி போடுவதற்காகக் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வேகு வேகென்று நடந்து வருவார்.

இப்படியே ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. டீசலுக்கு நோய் வந்த பிறகு வருகிற முதல் தவக்காலம்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வருவதற்கு முன்னால் மாதா கோயிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஈஸ்டர் ராத்திரிதான் திறப்பார்கள். பழைய ஆட்கள் வீட்டிலும் அப்படியே செய்வார்கள். சிலுவையம்மாள் வருஷா வருஷம் செய்வாள். அந்தச் சனிக்கிழமை மீன் சீக்கிரம் தீர்ந்தது. தவக்காலத்தில் கறி தின்னாத வீடுகள் மீன்தானே வாங்கும். வந்து குளித்தாள், டீசலுக்குச் சோறு வைத்தாள், ஊசி போட்டாள், ஜெபமாலையை வலது கையில் மாட்டினாள். பெட்டியிலிருந்து ஊதாத் துணியை எடுத்து உதறி, மாதாவின் தலை முதல் பீடம் வரை போர்த்தி முடிச்சுப் போட்டாள். கோயில் கழுவப் பெண்கள் எல்லாரும் போகிறார்கள் என்று ஃப்ளோரன்ஸ் கூப்பிட, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தாமஸ் அன்றைக்கு ரொம்பத் தாமதமாக வந்தார். ராத்திரி ஷிப்டு முடிகிற நேரத்தில் டிரெய்லர் வரிசை திருவொற்றியூர் வரை நின்றுவிட்டது. வந்ததும் வழக்கப்படி பீடத்தைப் பார்த்தார்.

ஊதாத் துணிதான் இருந்தது.

துணியைத் தூக்கிப் பார்த்தால் முடிந்தது. கை துணி வரைக்கும் போகவும் செய்தது. மூடின சுரூபத்தைத் திறந்து பார்த்தால் கண் அவிஞ்சிபோவும் என்று சின்ன வயசில் யாரோ பயமுறுத்தியது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டார். சரி, போன் இருந்தது. சிலுவையம்மாள் நம்பரும் அதில் இருந்தது. ஒரு வார்த்தை, "போட்டியா?" என்று கேட்டிருக்கலாம். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். மாதாவுக்கு மரியாதை கொடுத்ததாக அவர் தன்னிடம் சொல்லிக்கொண்டார். பொய். மாதா கோபித்துக்கொள்கிறவள் இல்லை. பெண்டாட்டிக்கு முன்னால் முதலில் வாய் திறந்தவன் தான்தான் என்று ஆகிவிடுமே, அதுதான்.

அந்த நேரம் டீசல் வந்து காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. சர்க்கரை வந்த நாளிலிருந்து அது எப்போதும் பசித்த மாதிரிதான் கத்தும். அது தாமஸுக்கும் தெரியும். ஆனாலும் மனசு வேண்டியதைத்தானே நம்பும். மாதாவுக்குத் துணி போர்த்துகிற அவசரத்தில் ஊசியை விட்டிருப்பாள் என்று நினைத்தார். அந்த வாரம் முழுக்கக் காலையில் அவளே முந்திக்கொண்டிருந்தாள். சாயந்திரங்களிலும் அவர் இரட்டை டூட்டியில் மாட்டிக்கொண்டார். போனில் அவர் பேர் ஒரு நாள்கூட வரவில்லை. சந்தேகம் வந்தால் போடாதீர்கள் என்று அந்தச் சின்னப்பெண் சொன்னது காதில் இருந்தது. ஆனால் இன்றைக்குச் சாயந்திரம், "உங்க நைனாதான் போட்டாரு" என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

பிரிட்ஜிலிருந்து அவித்த மீனை எடுத்துச் சோற்றில் பிசைந்து வைத்தார். டீசல் நாலு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்தாவது அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கழுத்துத் தோலைத் தூக்கி, வலிக்காமல், நன்றாகப் போட்டார். தலையைத் தடவிவிட்டு, உள்ளே போய்ப் படுத்தார்.

மத்தியானம் பாத்திரம் உருளுகிற சத்தத்தில் விழித்தார். டீசல் அடுப்படியில் சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயிலிருந்து நுரை. கண் திறந்திருந்தது, ஆனால் அது அவரைப் பார்க்கவில்லை.

தாமஸ் முதலில் செய்தது பீடத்துக்கு ஓடியதுதான். ஊதாத் துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். மாதாவின் வலது கையில் நீல மணிகள் ஆடின.

குளுக்கோஸ் டப்பாவைத் தேடினார், கிடைக்கவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி விரலால் ஈறில் தடவினார். பாதி தரையில் வழிந்தது. இன்னொரு கையால் போனை எடுத்தார்.

சிலுவையம்மாள் கோயிலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். போனில் புருஷன் பேரைப் பார்த்ததும், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். "இன்னா?" என்றாள்.

"சிலுவ, டீசலுக்கு நீ ஊசி போட்டியா?"

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"போட்டேன்" என்றாள். "அய்யோ. நீயும் போட்டியாய்யா?"

தெருமுனையில் நிற்கிற மொஹ்சின் பாயின் ஆட்டோ. துண்டில் சுற்றிய டீசல் தாமஸ் மடியில். கோயில் வாசலில் ஈரப் புடவையோடு நின்றவளை ஏற்றிக்கொண்டார்கள். ஆட்டோ பழைய வண்ணாரப்பேட்டைக் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போயிற்று. சிலுவையம்மாள் துண்டுக்குள் கையை விட்டு டீசலின் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"துணியத் தூக்கிப் பாத்திருந்தா மாதா உன்ன அடிச்சிடுவாளா?" என்றாள். குரல் உயரவில்லை. "போன் பண்ணிருந்தா நான் இன்னா உன்னக் கடிச்சித் துன்னுடுவனா?"

தாமஸ் டீசலின் வாயில் வழிந்த நுரையைத் துண்டு முனையால் துடைத்தார்.

"நானும் ஒரு கூமுட்ட" என்றாள் அவள். "மாலைய மாட்டுனதும் நான்தான், அது மேல துணியப் போட்டதும் நான்தான். கை தன்னால மாட்டிச்சி, தன்னால மூடிச்சி. ஒரு வாத்த உன்கைல சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. உன்கைல பேசக் கூடாதுன்னு எனுக்குத் திமிரு."

"இல்லமே" என்றார் தாமஸ். "பொண்ணு காதுல என் பேரு விழணும்னு போட்டேன்."

இரண்டு வருஷத்தில் அவர்கள் பூனை இல்லாமல் நேருக்கு நேர் பேசியது அதுதான். பேசி முடித்தபோது மின்ட் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது. சிலுவையம்மாளின் கை துண்டுக்குள் அசையாமல் நின்றுவிட்டது. அவள் தாமஸைப் பார்த்தாள். தாமஸ் துண்டை விலக்கவில்லை. மடியில் இருந்த பாரம் மாறியிருந்தது, அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். முன்னால் மொஹ்சின் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

சிக்னல் மாறியதும், "வேப்பேரி வேணாம் பாய்" என்றார் தாமஸ். "வியாசர்பாடி போ."

சிலுவையம்மாள் தலையை நிமிர்த்தினாள். வழி மட்டும் சொன்னாள். பேசின் பிரிட்ஜைத் தாண்டி, இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். அவள் எத்தனை தடவை யாருக்கும் தெரியாமல் இந்த வழியில் வந்து போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் தாமஸுக்குப் புரிந்தது. ஹவுசிங் போர்டு பிளாக்கின் படியில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே குக்கர் விசில் சத்தம். தட்டுவதற்குக் கையைத் தூக்கி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். இந்தக் கதவை அவர்கள் திறக்கவில்லை என்றால் அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது.

ஷைனிதான் திறந்தாள். இளைத்திருந்தாள். கையில் கரண்டி. அப்பாவைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் படியில் அம்மா நிற்பதைப் பார்த்தாள், இரண்டு பேரும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. சின்ன வயசில் யார்டிலிருந்து அவர் வரும்போது சந்து முனையில் நின்று பார்ப்பாளே, அதே முகம்.

"நைனா!" என்றாள். உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏ ஜெயா, இங்க வாயேன், நைனா வந்துகீறாரு! நைனாவும் அம்மாவும் ஒண்ணா வந்துகீறாங்க!" ஜெயவேல் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்து, "வாங்க மாமா, உள்ள வாங்க" என்றான்.

அப்போதுதான் ஷைனி துண்டைக் கவனித்தாள். அதன் ஓரத்தில் சாம்பல் நிற வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"டீசலயும் இட்டாந்தியா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உனுக்குன்னு வூட்ல யாராச்சும் இருக்கட்டும்னுதான் நைனா இவன உன்கைல வுட்டுட்டு வந்தேன். நீயே ஊசி போடறேன்னு அம்மா சொல்றப்பல்லாம் எனுக்கு இன்னா சந்தோசம் தெரியுமா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "கொண்டா. தூங்குறானா?"

தாமஸ் சிலுவையம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியைப் பார்த்து நின்றாள். இத்தனை நாளும் எதுவாக இருந்தாலும் டீசலிடம் சொல்லிவிட்டால் போதும், சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இனி அவரேதான் சொல்ல வேண்டும்.

"ஷைனி" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பேர் அவர் வாயில் வந்தது. அவள் நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"அம்மா காத்தாலயே போட்டுட்டாம்மா. நான் கேக்கல. கேக்காம இன்னொரு தபா போட்டுட்டேன்."